தீர்த்தகிரியின் ஜீப்பும் முந்நூறு அழைப்பிதழ்களும்

கரடிக்கல் மலை மடத்தின் தலைவி வெள்ளையம்மைக்கு நாற்பது வயது. அவரிடம் சீடராக வந்து சேர்ந்த தீர்த்தகிரிக்கு அறுபத்திரண்டு. காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் முப்பது வருஷம் ஆள் பிடித்து, ஒரு வருஷம்கூட இலக்கைத் தவறவிடாத மனிதர். ஓய்வு பெற்றதும் முக்தியையும் அதே சூட்டோடு முடித்துவிடலாம் என்று மலையேறிவிட்டார். வரும்போது ஏலத்தில் எடுத்த பழைய ஃபோர் வீல் ஜீப் ஒன்றையும் மடத்துக்கென்று ஓட்டி வந்தார்.

அந்த ஜீப்புக்கு ஒரு வியாதி இருந்தது. வளைவில் திரும்பினால் 'ங்ங்ர்ர்' என்று முனகும். திரும்பி நிமிர்ந்ததும் அடியில் 'டக்' என்று ஏதோ இடிக்கும்.

வந்த வாரமே தீர்த்தகிரி கேட்டார்.

"அம்மா, எனக்கு எப்ப காவி தருவீங்க?"

"வண்டியில சத்தம் எங்கேருந்து வருதுன்னு சொல்லுங்க சார். அன்னைக்குத் தர்றேன்."

இலக்கு கிடைத்துவிட்டது, இனி விடுவாரா? அடிவாரத்தில் ஒரு மெக்கானிக் பாக்கியில்லை. ஒருவர் கிராஸ் ஜாயின்ட் தேய்ந்துவிட்டது என்றார், மாற்றினார். இன்னொருவர் பேரிங் என்றார், அதையும் மாற்றினார். மூன்றாமவர் வண்டியை ஜாக்கியில் தூக்கி, நாலு சக்கரத்தையும் சுற்றவிட்டுக் கேட்டார். சத்தமே இல்லை. "காதை ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிடுங்க சார்" என்று அனுப்பிவிட்டார்.

இப்படியே மூன்று மாதம் ஓடியது. இதற்குள் தீர்த்தகிரி வரும் பௌர்ணமியைத் தானாகவே குறித்து, 'துறவு விழா' என்று தன் படத்தோடு முந்நூறு அழைப்பிதழ் அச்சடித்து அனுப்பியும் விட்டார். மனைவி கோகிலாவுக்கும் ஒன்று தபாலில் போயிற்று. கார்டில் பதில் வந்தது: 'அன்று எனக்கு முட்டி ஆபரேஷன். வர இயலாது. விழா சிறக்க வாழ்த்துகள்.'

தீர்த்தகிரி அதை 'வர இயலாதவர்கள்' கட்டோடு சேர்த்தார். சேர்க்கும்போது நெஞ்சில் சுருக்கென்றது. வாயு என்று நினைத்துச் சுக்குக் கஷாயம் குடித்தார்.

பௌர்ணமிக்கு இரண்டே நாள் இருக்கையில் அம்மையின் காலில் விழுந்தார்.

"மானம் போயிடும்மா. நீங்களே ஒரு தடவை ஏறிப் பாருங்க."

மலை முழுக்க நடந்தே போய் வருகிற வெள்ளையம்மை அன்றுதான் முதல்முதலாக அந்த ஜீப்பில் ஏறினார். முந்தின நாள் மழையில் மடத்துப் பாதை சேறாகிக் கிடந்தது. வண்டி பூனைபோல இறங்கியது.

"சத்தத்தையே காணோமே சார்?"

"சேத்துல வராதும்மா. தார் ரோடு வரட்டும், பாருங்க."

தார் ரோடு வந்தது. முதல் வளைவிலேயே 'ங்ங்ர்ர்', பிறகு 'டக்'.

"நிறுத்துங்க" என்றார் அம்மை. கியர் கம்பிக்குப் பக்கத்தில் ஒரு பை தொங்கியது. "இது என்ன?"

"என் ஜபமாலைப் பைம்மா. எந்த மெக்கானிக்கும் அதுமேல கை வைக்கல. அவ்வளவு பக்தி."

"பைக்குள்ள மறைஞ்சிருக்கறது?"

"ஃபோர் வீல் லீவர். போட்டா நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். வண்டி எடுத்த அன்னைக்கே போட்டுட்டேன்."

"எதுக்கு?"

"நாலு சக்கரம் இருக்கையில ரெண்டு மட்டும் ஏம்மா சும்மா உருளணும்? முழு முயற்சி வேணாமா?"

அம்மை பையைக் கழற்றி அவர் மடியில் வைத்தார்.

"அது சேத்துக்கு சார், தார் ரோட்டுல போட்டா நாலும் ஒண்ணோட ஒண்ணு மல்லுக்கட்டும். லீவரை எடுத்துவிடுங்க."

தீர்த்தகிரி இழுத்தார். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார். பல்லைக் கடித்தார், முகம் சிவந்தது. லீவர் அசையவில்லை.

"இழுக்காதீங்க சார். வண்டியைக் கொஞ்சம் பின்னாடி விடுங்க."

பத்தடி பின்னால் விட்டார். மாவிலிருந்து கரண்டி வருவதுபோல லீவர் வந்துவிட்டது.

வண்டியைத் திருப்பி மடத்தை நோக்கி ஏறினார்கள். ஒரு வளைவு, இரண்டு வளைவு. முனகலும் இல்லை, இடியும் இல்லை. இந்த மலையில் குருவிகள் இருப்பதே தீர்த்தகிரிக்கு அன்றுதான் தெரிந்தது.

"உங்களுக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?"

"மடத்துக்கு வர்றதுக்கு முன்னாடி பத்து வருஷம் இங்க காபி மூட்டை ஜீப் ஓட்டினேன்."

"சொல்லவே இல்லையேம்மா!"

"நீங்க கேக்கவே இல்லையே சார். சரி, சத்தம் எங்கேருந்து வந்துச்சு?"

"லீவர்லேருந்து."

"லீவரைப் போட்டது?"

தீர்த்தகிரி ஒரு வளைவு முழுக்க யோசித்தார்.

"நான்தாம்மா."

"சரி. சொன்ன சொல் சொன்னதுதான், காவி தர்றேன். கட்டிக்கிட்டு என்ன பண்ணுவீங்க?"

தீர்த்தகிரிக்குக் கண் கலங்கிவிட்டது. ஸ்டியரிங்கிலிருந்து வலது கையை எடுத்து உயர்த்தினார்.

"இனி எதையும் தொட மாட்டேன்மா. வீடு, வாசல், கோகிலாவோட முட்டி, இந்த லீவர், ஒண்ணுலயும் கை வைக்க மாட்டேன். இது சத்தியம்!"

தார் ரோடு அங்கே முடிந்தது.

சேற்றில் முன்சக்கரங்கள் எப்படியோ தாண்டின. பின்சக்கரங்கள் இறங்கி, நின்ற இடத்திலேயே சுற்றின. தீர்த்தகிரி மிதித்தார். வண்டி இன்னும் அரையடி புதைந்தது. தெறித்த சேறு அம்மையின் காவி வரைக்கும் வந்தது. மேலே மறுபடியும் மேகம் கட்டிக்கொண்டிருந்தது.

"சார், லீவரைப் போடுங்க."

தீர்த்தகிரியின் கை பாதி தூரம் போய் நின்றது.

"இப்பதானேம்மா தொட மாட்டேன்னு சத்தியம் பண்ணேன்?"

"அது தார் ரோட்டுல பண்ண சத்தியம் சார்" என்றார் வெள்ளையம்மை.