நீலவல்லிக்கு ஆடி அழைப்பு

முருங்கை மரம் மூச்சு முட்டிச் செத்துக்கொண்டிருந்தது. மூடியது ராஜா வளர்த்த படர்கொடி. அறுக்க முடியாது. அறுத்தால் விரல் போகும்.

முன்னொரு காலத்தில் சித்திரகிரிச் சீமையை இரணசூர பூபதி ஆண்டார். ஆண்டார் என்ன ஆண்டார், காலையில் ஒன்று சொல்வார், மாலையில் வேறொன்று. அவருக்கு ஆண்பிள்ளைகள் நிறைய. பெண் இல்லை. அதை மோப்பம் பிடித்தவர் நந்தவன அதிகாரி மருதப்பர். கப்பலில் வந்த விதையொன்றை ஊன்றினார். கொடி படர்ந்து நீலநீலமாய்ப் பூத்ததும், ராஜாவுக்கு மகள் பிறந்திருக்கிறாள் என்றார். ராஜா உருகிவிட்டார். நீலவல்லி என்று பேர் வைத்து, தொட்டில் கட்டி, ஊருக்கெல்லாம் சர்க்கரை. இளவரசியைக் கிள்ளினால் விரலை வெட்டுவோம் என்று தண்டோரா.

இளவரசி சும்மா இருப்பாளா? கிணற்றை மூடினாள். நின்றபடி தூங்கிய கிழட்டுக் குதிரையைச் சுற்றிக்கொண்டாள். அது விழித்துப் பார்த்தால் நகர முடியவில்லை. ராணி இலைக்குள் தன் ஊஞ்சலைத் தேடிக்கொண்டிருந்தாள். கடைசியில் நீலவல்லி மதிலும் தாண்டினாள்.

அந்தப் பக்கம் ஒரு கீரைக்காரியின் குடிசை. புருஷன் படுத்த படுக்கை. இரண்டு பிள்ளைகள். முருங்கை மரம்தான் எல்லோருக்கும் சோறு போட்டது. கொடி ஏறியதும் இலை பழுத்துக் கொட்டியது. மருதப்பரிடம் போய் அழுதாள். இளவரசி ஏறுவது மரத்துக்குக் கௌரவம் என்று அவர் விரட்டிவிட்டார்.

மறுநாள் தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, தேங்காயோடு சபைக்கே வந்துவிட்டாள்.

"கும்பிடுறேன் சம்பந்தி."

மருதப்பர் எழுந்தார். "யாரடி உனக்குச் சம்பந்தி?"

"உங்ககிட்ட பேசலீங்க. பெண்ணைப் பெத்தவர்கிட்ட பேசுறேன்." ராஜா பக்கம் திரும்பினாள். "உங்க மக மதில் ஏறிக் குதிச்சு எங்க வீட்டுப் பையனைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டா. ஊரே பார்த்திடுச்சு. நாங்களும் மானமுள்ளவங்க. மருமகளா ஏத்துக்கிட்டோம்."

"பையன் யார்?"

"எங்க முருங்கை மரமுங்க."

மந்திரி சோமநாதர் மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். ராஜாவுக்குக் குஷி தாங்கவில்லை. மாப்பிள்ளை குணம் எப்படி, குடிப்பானா என்றெல்லாம் துருவினார். வேரில் ஊற்றினால் குடிப்பான், ஊற்றாவிட்டால் கேட்கமாட்டான் என்றாள்.

"ஆடி பிறக்கப்போகுது. புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைக்காம விட்டா ஊர் உங்களைத்தான் பேசும். சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

ராஜாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "மருதப்பரே, போய் என் மகளை அழைத்து வாரும். ஒரு தளிர் ஒடியக் கூடாது."

மருதப்பர் மரம் ஏறினார். அடிமரமெல்லாம் கம்பளிப்பூச்சி. ஒரு சுருளைப் பிரிப்பார், ஒரு சொறி சொறிவார். முருங்கைக் கிளை எத்தனை நேரம் தாங்கும்? மடார். நீலவல்லி, மருதப்பர், பூச்சி, எல்லாம் ஒரே சுருளாய்க் குப்பைமேட்டில் இறங்கின. பிரிக்க நேரமில்லை. மேளதாளத்தோடு அப்படியே தூக்கி வந்தார்கள். மகள் வரும் அழகைப் பார்த்து ராஜா கண்கலங்கினார்.

ஆடி முடிந்தது. மருமகளை அழைத்துப்போக யாரும் வரவில்லை. ராஜா ஆளனுப்பிக் கேட்டார். நல்ல நாள் பார்க்கிறோம் என்று பதில் வந்தது. ஆவணியும் போயிற்று. இன்னும் பார்க்கிறார்களாம். நீலவல்லி மறுபடி மதில்மேல் தலையை நீட்டினாள்.

ராஜா சீறினார். "அழைக்காத வீட்டுக்கு என் மகள் போவதா? எங்களுக்கு மானம் இல்லையா? மதில் தாண்டும் கொழுந்தையெல்லாம் கிள்ளிப் போடுங்கள்."

"விரல்..." என்று இழுத்தார் மருதப்பர், சொறிந்துகொண்டே.

"பெற்றவன் சொல்கிறேன். நீரே கிள்ளும். தினமும்."

மந்திரியால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. வெடித்துச் சிரித்தார். ராஜா முறைத்தார், யோசித்தார், கீரைக்காரியின் தந்திரம் அப்போதுதான் உறைத்தது. பிறகு அவர் சிரித்த சிரிப்பில் கிரீடம் கழன்று உருண்டது. கறவை மாடு ஒன்றும் மதிலோரத்து நிலமும் மாப்பிள்ளைச் சீராகப் போயின.

முருங்கை, ஒடிந்த இடமெல்லாம் தழைத்தது. மருதப்பர் விடிந்தால் மதில்மேல் உட்கார்ந்து கிள்ளினார். பிள்ளைகள் வயிறாரச் சாப்பிட்டார்கள்.

இதெல்லாம் மந்திரியின் யோசனை என்று சிலர் சொல்வார்கள். அவர் சிரித்ததோடு சரி. செய்தவள் கீரைக்காரி காத்தாயி.