பாவாயியின் இடுப்பு காலியான கதை

தும்பிவலசு ஜனங்களைப் பற்றி யார் என்ன சொன்னாலும் தாராளமாக நம்பலாம். பாதி பொய்யாக இருக்கும். ஆனால் உண்மை அதைவிட மோசமாக இருக்கும். நல்ல மனுஷர்கள். சொன்ன சொல்லை மீற மாட்டார்கள், அதுதான் அவர்களுக்கு இருக்கிற ஒரே வியாதி. பஸ்ஸில் ‘கரம் சிரம் புறம் நீட்டாதீர்’ என்று எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் டிப்போவரைக்கும் போன ஊர் அது. தலையை வெளியே நீட்டாமல் எப்படி இறங்குவதாம்?

அந்த ஊரில் பாவாயிக்கு ஒரே ஒரு ஆசை. இடுப்பு காலியாக இருக்க வேண்டும். கல்யாணமான மறுவருஷம் மூத்தவள் சரசு அந்த இடுப்பில் ஏறினாள். அவள் இறங்கியதும் அடுத்தவன் ஏறினான். அவன் இறங்கியதும் கைக்குழந்தை மணி. நடுவில் ஒரு நாள்கூட இடம் காலியில்லை. ஒரு பக்கமாகவே சாய்ந்து நடந்து பழகியதில், கோயில் கோபுரம் சாய்ந்துவிட்டது என்று ஊர்த்தலைவர் ராக்கியண்ணனிடம் போய்ப் புகார் சொல்லிவிட்டாள். அவரும் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, முட்டுக்கொடுக்க மூங்கில் வாங்கி வந்தார்.

“கொஞ்ச வருசத்துக்கு இந்த இடுப்புல யாரும் ஏறக்கூடாதுங்க. எனக்கு முடியல,” என்று புருஷன் நாச்சிமுத்துவிடம் சொன்னபோது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

நாச்சிமுத்து தங்கமான ஆள். “சரி புள்ள,” என்று மணியை வாங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டான். மணி வழுக்கிக்கொண்டு கீழே வந்தான். மறுபடி வைத்தான், மறுபடி வந்தான். இது ஆம்பளை இடுப்பால் தீருகிற சங்கதி இல்லை என்று தெரிந்து, இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

நர்சம்மா எஸ்தர் பொறுமைசாலி. இந்த ஊர்க்காரர்களைப் பார்க்க ஆரம்பித்த பிறகு அப்படி ஆனவர். மாத்திரை, உறை, காப்பர்-டி, ஆப்பரேசன் என்று எல்லாவற்றையும் விளக்கினார். “எது தோதோ அதை ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க. வேற யாரும் இதுல தலையிடக்கூடாது. குழந்தைங்க பக்கத்துல இல்லாதப்பப் பேசுங்க. முடிவு பண்ற வரைக்கும் கொஞ்சம் தள்ளி இருங்க. அவ்வளவுதான்.”

அவ்வளவுதானாம்!

தும்பிவலசில் ஒரு வீட்டு முடிவை அந்த வீடு எடுத்ததாகச் சரித்திரமே கிடையாது. எருமை வாங்குவது, கதவுக்குப் பெயிண்ட் அடிப்பது, எல்லாமே ஊர் கூடித்தான். ஆகவே இதில் ஊர் தலையிடக்கூடாது என்ற செய்தி வந்ததும், அதைப் பற்றி முடிவெடுக்க ரைஸ்மில் களத்தில் ஊர் கூடியது.

“நாம தலையிடக்கூடாதுங்கறது சரி,” என்றார் ராக்கியண்ணன். “தலையிடாம இருக்கமான்னு யாரு பாத்துக்கறது?”

“ஊரேதான் பாத்துக்கோணும்,” என்றாள் மாவுமில் பழனியாத்தாள். “வேற ஆருக்கு அக்கறை?”

அன்று சாயங்காலமே ஊர் முழுக்க நாச்சிமுத்து வீட்டுக்கு வந்து சேர்ந்தது. தலையிடாமல் இருப்பதற்காக எல்லோரும் சுவரோரமாக முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். நடுவில் பாவாயியும் நாச்சிமுத்தும் உட்கார்ந்து வாயைத் திறக்கப் போன நேரத்தில் பழனியாத்தாளுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

“குழந்தைங்க பக்கத்துல இருக்கக்கூடாதுன்னாங்களே. எனக்கு அறுவது வயசாச்சு. ஆனா எங்கம்மாளுக்கு நான் இன்னிக்கும் குழந்தைதானுங்க.”

கூட்டத்தில் ஒவ்வொருவரும் தத்தம் தாயாரை நினைத்துப் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்துகொண்டு தெருவுக்குப் போனார்கள்.

ராக்கியண்ணன் கடைசி ஆளாகக் கிளம்பியவர், வாசலில் நின்றார். “நாச்சிமுத்து, நீ ஆருக்குக் குழந்தை?”

“எங்கப்பாருக்குங்க.”

“அப்ப நீயும் வா. பாவாயி, நீயும்தான் அம்மிணி.”

வீட்டைப் பூட்டிவிட்டு எல்லோரும் தெருவில் நின்று வீட்டையே பார்த்தார்கள். ரொம்ப நேரம் பார்த்தார்கள்.

“உள்ள ஆரும் பேசற மாதிரி தெரியலீங்களே,” என்றான் நாச்சிமுத்து கவலையோடு.

“மொதத் தடவையல்ல? நேரமாகும்,” என்றாள் பழனியாத்தாள்.

இதற்குள் மணி பாவாயியின் இடுப்பை நனைத்துவிட்டான். அவளுக்கு எரிச்சல் தாங்கவில்லை. “ஏனுங்க, பேச வேண்டியதே நாங்கதானுங்க! நாங்க வெளிய நின்னா எப்பத்தான் முடிவாகறது?” என்று கத்தினாள். அதிலும் நியாயம் இருப்பதாக ஊருக்குப் பட்டது. நெடுநேரம் வாதம் நடந்து, வாய் நிறையப் பல் இருக்கிறவர்கள் குழந்தை இல்லை என்று தீர்ப்பானது. பொக்கைவாய்ப் பழனியாத்தாளை மணியோடு சேர்த்து அனுப்பிவைத்தார்கள். அவள் போகிற வழியெல்லாம் அழுதுகொண்டே போனாள்.

அடுத்தது, தள்ளி இருப்பது. கொஞ்சம் என்றால் எவ்வளவு? ஒரு பாய் தூரம் என்றார்கள், ஒரு வீட்டு தூரம் என்றார்கள். “சந்தேகம்னு வந்துட்டா சாஸ்தியாவே இருக்கட்டும்,” என்று ராக்கியண்ணன் சொல்லிவிட்டார். நாச்சிமுத்து தன் கயிற்றுக்கட்டிலைத் தலையில் தூக்கிக்கொண்டு குளத்துக்கு அக்கரையில் போய் இறங்கினான். பாவாயி இக்கரையில். நடுவில் குளம் முழுக்கத் தண்ணீர்.

மறுநாள் காலையில் பேச்சு தொடங்கியது. ஊர் இரண்டு கரையிலும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது.

“உறையே வெச்சுக்கலாம், புள்ள! உனக்கெதுக்குக் கஷ்டம்?” என்று அங்கிருந்து கூவினான் நாச்சிமுத்து.

“மாத்திரையே இருக்கட்டுங்க! உங்களுக்கெதுக்குத் தொந்தரவு?” என்று அதே நேரத்தில் இங்கிருந்து கூவினாள் பாவாயி.

இரண்டு பேருக்கும் மனசு இளகிப்போனது. ராத்திரி முழுக்க யோசித்துவிட்டு விடிந்ததும் வந்து நின்றார்கள்.

“உன் ஆசப்படியே மாத்திரை, புள்ள!”

“நீங்க சொன்னபடியே உறைங்க!”

அதற்கு மறுநாள் அவன் உறைக்குத் திரும்பினான், அவள் மாத்திரைக்குத் திரும்பினாள். ஒருத்தருக்காக ஒருத்தர் இறங்கி வந்தால் இப்படித்தான், வழியில் எங்கேயும் சந்திக்கவே முடியாது. ஆடி போனது, ஐப்பசி போனது. ஆடு மேய்க்கிற பிள்ளைகள்கூட ‘உறை, மாத்திரை’ என்று கூவித்தான் ஆட்டை ஓட்டினார்கள். ஊருக்கு நின்று நின்று முதுகு வலித்தது. முன்பக்கம் திரும்பலாமா என்று ஒருத்தர் கேட்டதற்கு, அது தலையிடுவது ஆகும் என்று மற்றவர்கள் அடக்கிவிட்டார்கள்.

பாவாயிக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அக்கரையில் ஒரு ஆள் தன்னந்தனியாகக் கஞ்சி காய்ச்சுவதும், அது பொங்கி அடுப்பு அணைவதும் இங்கேயிருந்து தெரியும். கோபம், ஏக்கம் எல்லாம் சேர்த்துக் கத்தியதில் மார்கழிப் பனியில் ஒருநாள் அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. காற்றுதான் வந்தது.

அன்று அக்கரையிலிருந்து, “மாத்திரையே இருக்கட்டும் புள்ள!” என்று குரல் வந்தது. பாவாயி பழக்கதோஷத்தில் ‘உறை’ என்று சொல்ல வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. ஊர் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது. மறுப்பு இல்லை.

“முடிவாயிருச்சு!” என்று ராக்கியண்ணன் துண்டை வீசினார். நாச்சிமுத்து கட்டிலைக்கூட எடுக்காமல் குளத்தில் குதித்து நீந்தி வந்தான். சுற்றிவரப் பாதை இருந்தது. அது அவன் ஞாபகத்தில் இல்லை. பாவாயி சிரித்தாள், அழுதாள். சத்தம் வராததால் எது எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை.

நர்சம்மா பாவாயியைப் பரிசோதித்துவிட்டு மாத்திரை அட்டையைக் கொடுத்தார். “தினமும் ஒண்ணு, மறக்கக்கூடாது. குழந்தைங்க கைக்கு எட்டாத இடத்துல வைங்க,” என்றார்.

அலமாரியில் வைத்தார்கள். சரசு ஆட்டுக்கல்லின் மேல் ஏறி எடுத்துவிட்டாள். பரணில் வைத்தார்கள். சரசு ஏணி போட்டு எடுத்தாள். நாச்சிமுத்து யோசித்து, தேங்காய் பறிக்க வந்த ஆளிடம் கொடுத்து, கொல்லையில் இருந்த தென்னைமரத்தின் உச்சியில் பாளைக்கு நடுவே செருகவைத்தான். அந்த ஆள் இறங்கிச் சொந்த ஊருக்குப் போய்விட்டான்.

மறுநாள் காலை, பாவாயி கையில் தண்ணீர்ச் சொம்போடு மரத்தடியில் நின்றாள். நாச்சிமுத்து ஏறிப் பார்த்துப் பாதியில் தலைசுற்றி இறங்கினான். அந்த வீட்டில் மரம் ஏறத் தெரிந்த ஆள் சரசு ஒருத்திதான்.

“அவ கைக்கு எட்டக்கூடாதே, தலைவரே. என்ன பண்ணறதுங்க?” என்று ராக்கியண்ணனைக் கூட்டி வந்து கேட்டான் நாச்சிமுத்து.

ராக்கியண்ணன் மரத்தை அண்ணாந்து பார்த்துத் தாடியைத் தடவினார். “கைக்குத்தானப்பா எட்டக்கூடாதுன்னாங்க. வாயைப் பத்தி ஒண்ணும் சொல்லலியே.”

அன்றிலிருந்து இதுதான் வழக்கம். விடிந்ததும் ஊர் வந்து தென்னையைச் சுற்றி முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும். சரசு விறுவிறுவென்று ஏறுவாள். “கை படக்கூடாது கண்ணு! பல்லுல கவ்விட்டு எறங்கு!” என்று கீழேயிருந்து நாச்சிமுத்து கூவுவான். மணியும் நடக்கப் பழகிவிட்டதால், பாவாயி காலியான இடுப்பில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, மகாராணியாக நிமிர்ந்து நிற்பாள். சரசு இறங்கியதும் அவள் பல்லிலிருந்து அட்டையை வாங்கி, ஒரு மாத்திரையைப் பிதுக்கி, ஊர் அறிய முழுங்குவாள். முழுங்கிவிட்டு அட்டையை மறுபடியும் சரசுவின் பல்லிலேயே கொடுத்து மேலே அனுப்பிவைப்பாள். கண்ட இடத்தில் வைக்க முடியுமா? குழந்தைகள் இருக்கிற வீடாயிற்றே.