முட்டி இடித்த மேசை

கோவையில் ஒரு கம்பெனி புதுக் கட்டடத்துக்கு மாறியது. பழைய மேசை நாற்காலிகளையே செப்பனிட்டு அங்கே போடும் வேலை தச்சுப் பட்டறை நடத்தும் பர்வீனுக்கு வந்தது. அவரிடம் தொழில் கற்றுவந்த செங்கோடன் அவரைவிட மூத்தவர். வேலை போன பிறகு, தலை நரைத்த காலத்தில் வந்து சேர்ந்தவர்.

கரையான் தின்றதை மட்டுமே விறகுக்குத் தள்ளலாம் என்பது பர்வீனின் வழக்கம். செங்கோடன் ஒரு பெரிய தேக்கு மேசையை விறகுப் பக்கம் தள்ளியிருந்தார்.

“இது எதுக்கு இங்க?”

“கரையான் புடிச்சுருச்சுங்க, மேடம்.”

பர்வீன் மேசையைத் தட்டினார். கணீரென்றது.

“இத்தனை மரத்துல இதை மட்டும் தேடிப் புடிச்சுதா? ருசி தெரிஞ்ச கரையான்தான், அண்ணா.”

செங்கோடன் சிரிக்கவில்லை.

“நான் இந்தக் கம்பெனியிலதானுங்க இருந்தேன். இதுக்கு எதுத்தாப்புல உக்கார வெச்சுத்தான் அதிகாரி ‘நாளையிலிருந்து வர வேண்டாம்’னாங்க. பொண்ணு கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிச்ச நேரம். எனக்கு மட்டுமா? எத்தனை பேர் இங்கிருந்து கண்ணைத் துடைச்சுட்டு எந்திரிச்சோம்! இதுக்கும் மெருகு போடோணுமா?”

பர்வீன் ஒரு நாற்காலியை இழுத்தார்.

“எந்தப் பக்கம் உக்காந்தீங்க?”

காட்டினார். அங்கேயே நாற்காலியைப் போட்டு பர்வீன் உட்கார்ந்தார். மேசையின் முன்பக்கம் தரைவரை பொருத்தியிருந்த மறைப்புப் பலகையில் அவர் முட்டி இடித்தது.

“ஸ்ஸ்... உங்களுக்கும் இடிச்சுதா?”

“ஆமாங்க. கோணலாத்தான் உக்காந்திருந்தேன். எந்திரிக்கிற வரைக்கும்.”

பர்வீன் எழுந்து திருப்புளியை அவர் கையில் கொடுத்தார்.

“அந்தப் பலகையைக் கழட்டுங்க.”

துருப்பிடித்த திருகாணிகள் முரண்டு பிடித்தன. பலகை விழுந்ததும் மேசைக்கு அடியில் வெளிச்சம் புகுந்தது. பர்வீன், அதிகாரி இருந்த பக்கம் போய் உட்கார்ந்து, தன் சோற்று டப்பாவை நடுவில் திறந்து வைத்தார்.

“வாங்க, சாப்பிடலாம். புது ஆபீஸ்ல சாப்பாட்டு ரூமுக்கு மேசை இல்லையாம்.”

செங்கோடன் தயங்கித் தயங்கி, பழைய இடத்திலேயே உட்கார்ந்தார். மெல்லக் காலை நீட்டினார். எங்கும் இடிக்கவில்லை.

சாப்பிட்டுக் கை கழுவி வந்த செங்கோடன் கீழே கிடந்த பலகையைக் காலால் நகர்த்தினார்.

“இதையாவது எரிச்சுரலாமுங்களா?”

“அந்தச் சாப்பாட்டு ரூம்ல டப்பா வைக்கச் சுவத்துல ஒரு பலகை வேணும். அளந்து மாட்டுங்க, அண்ணா. யார் முட்டியும் இடிக்காத உயரத்துல.”