காற்றுக்குழாய்க்கு ஒரு மூடி

அறுபது வயதில் ஒரு மனுஷன் ஸ்பேனரைத் தூக்கினால் ஊர் சும்மா இருக்குமா? எட்டாம் வகுப்புக்கு அறிவியல் நடத்தி ரிட்டையர் ஆன வைத்திலிங்கம் சார், பிளம்பர் அஞ்சுகத்திடம் தொழில் கற்கப் போனதும் டீக்கடையில் அதே பேச்சுதான். அஞ்சுகம் அவரிடமே படித்தவள் என்பதால் கிண்டல் இரண்டு மடங்கு. சார் அசரவில்லை. அவளை 'மாஸ்டர்' என்று, 'நீங்க' போட்டுத்தான் கூப்பிட்டார். அவளும் 'சார்' என்பதை விடவில்லை.

அன்றுதான் முதல் தடவையாக அவரைத் தனியாக அனுப்பினாள். கல்யாண மண்டபத்து மொட்டை மாடித் தொட்டியில் ஒழுகல். சாயங்காலம் முந்நூறு பேருக்குப் பந்தி. "இது சரியா வரலேன்னா டூல்ஸ் பையை மாஸ்டர்கிட்டயே திருப்பிக் கொடுத்துடறேன்" என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

வேலையை என்னவோ சுத்தமாகத்தான் செய்தார். தொட்டியைக் காலி பண்ணி, அடியில் கசிந்த வால்வைக் கழற்றிப் புதுசு மாட்டினார். தொட்டி நிரம்பினதும் தண்ணீரை நிறுத்துகிற மிதவை வால்வும் கெட்டிருந்தது, அதையும் மாற்றினார். கீழே இறங்கும் குழாயிலிருந்து கிளம்பிய ஒரு கிளைக்குழாய், தொட்டி விளிம்பு உயரத்தில் வானத்தைப் பார்த்து வாய் திறந்து நின்றது, ஓரமெல்லாம் ஈரம். அதை மட்டும் விடுவாரா? ஒரு மூடி போட்டு இறுக்கினார். தொட்டியை மறுபடி நிரப்பினார். எங்கேயும் ஒரு சொட்டு ஒழுகவில்லை.

கீழே சமையல்கட்டில் குழாயைத் திறந்தார்கள். அங்கேயும் ஒரு சொட்டு வரவில்லை.

"அரிசி களையணும் சார்," என்றார் சமையல்காரர் சாம்பமூர்த்தி. "வேற ஆளைக் கூப்பிடட்டுமா?"

சார் மறுபடி மாடி ஏறினார். எல்லா வால்வையும் இன்னொரு தடவை திருகிப் பார்த்தார். அப்புறம் வேறு வழியில்லாமல் போன் போட்டார்.

அஞ்சுகம் வந்தாள். நேரே மாடி ஏறி ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு இறங்கினாள்.

"ஒழுகின இடத்தையெல்லாம் அடைச்சுட்டேன் மாஸ்டர். வால்வு திறந்துதான் இருக்கு. தொட்டி நிறையத் தண்ணி. ஏன் வரல?"

அஞ்சுகம் ஒரு கண்ணாடி டம்ளரில் பாட்டில் தண்ணீரை ஊற்றினாள். பந்திக்கு வாங்கி வைத்திருந்த ஸ்ட்ரா ஒன்றை உருவி, அதன் மேல்வாயை விரலால் அடைத்து, தண்ணீருக்குள் இறக்கினாள். தண்ணீர் உள்ளே ஏறவில்லை. அப்படியே அவர் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றாள்.

"ஏம்மா, தண்ணி கேட்டா வித்தை காட்டறே?" என்றார் சாம்பமூர்த்தி.

அவள் திரும்பவில்லை. விரலையும் எடுக்கவில்லை.

சார் ஸ்ட்ராவைப் பார்த்தார். விரலைப் பார்த்தார். முப்பது வருஷம் அவரே வகுப்பில் காட்டிய வித்தை.

"அடக் கடவுளே" என்று மாடிக்கு ஓடினார். முட்டி வலியெல்லாம் அப்போது எங்கே போயிற்றோ. மூடியைத் திருகினார். உள்ளே அடைபட்டிருந்த காற்று புஸ்ஸென்று அவர் முகத்தில் அடித்தது.

கீழே குழாய் இருமியது. துப்பியது. இன்னொரு தடவை இருமிவிட்டு, கொட்டு கொட்டென்று கொட்டியது. அண்டா நிறைகிற சத்தம் மாடிவரை கேட்டது. சார் தொட்டியைப் பிடித்துக்கொண்டு தனியாகச் சிரித்தார். அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

இறங்கி வந்து சாம்பமூர்த்திக்குப் பாடமே நடத்தினார். "அந்த மாடிக் குழாய்ல இருந்தது ஒழுகல் இல்லய்யா, அது காத்து வெளியே போற வழி. பழைய மிதவை வால்வு கெட்டு, தொட்டி மீறி நிரம்பினப்போ அதுல வழிஞ்சிருக்கு. நான் போய் அடைச்சேன் பாரு, காத்து உள்ளேயே மாட்டித் தண்ணியை மறிச்சுடுச்சு."

"அதெல்லாம் இருக்கட்டும் சார். எங்க வீட்டுலயும் ஒரு குழாய் ஒழுகுது. நாளைக்கு நீங்களே வந்துடுங்க," என்றார் சாம்பமூர்த்தி.

சார் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அஞ்சுகத்திடம் வந்தார்.

"மாடி ஏறினதுமே மூடியைப் பார்த்துட்டீங்கதானே மாஸ்டர்?"

"பார்த்தேன் சார்."

"கையோட கழட்டியிருக்கலாமே. என் மானமே போகப் பார்த்துச்சு."

"எட்டாங்கிளாஸ்ல இதே மாதிரி ஒரு ஸ்ட்ராவை என் கையில கொடுத்து, மேல்வாயை விரலால அடைக்கச் சொல்லி, தண்ணி ஏன் ஏறலேன்னு கேட்டீங்க. சாப்பாட்டு மணி அடிச்சு எல்லாரும் போயிட்டாங்க. நான் விரலை எடுக்கற வரைக்கும் நீங்க சாப்பிடப் போகல சார்."