பாவாயி எண்ணிய நெய்ப்பந்தங்கள்

காவேரிக்கு வடக்கே, தன்னை ஆளுவது எந்த ராஜா என்று கவலைப்படாமல் சோளமும் கம்பும் விதைத்துக்கொண்டிருந்த ஓர் ஊர் இருந்ததாம். ராஜாக்கள் வருவார்கள், போவார்கள். களை மட்டும் தவறாமல் முளைக்கும். அந்த ஊரில் அண்ணனும் தம்பியும் ஒன்றாகப் பண்ணையம் பார்த்தார்கள். அண்ணன் பெண்டாட்டி பாவாயி. தம்பி பெண்டாட்டி வேலாத்தாள். கதை பாவாயியுடையது. அவள் பட்ட பாட்டைச் சொல்ல ஆரம்பித்தால் பொழுது போதாது. அதனால் அவள் வயிற்றெரிச்சலை மட்டும் சொல்கிறேன், கேளுங்கள்.

வாழ வந்த புதிதில் மாமியார் மோர் கடையும் மத்தை வேலாத்தாள் கையில் கொடுத்தாள். பாவாயி கையில் விளக்குமாற்றைக் கொடுத்தாள். அன்றைக்கே பற்றிக்கொண்டது. நடு வயதில் பாகம் பிரித்தார்கள். வேலாத்தாள் பங்குக்குப் போன எருமை வருஷம் தவறாமல் கிடேரியாக ஈன்றது. பாவாயியின் எருமை கிடாக்கன்றாகவே போட்டது. எரிச்சல் தாங்காமல் வாசலின் குறுக்கே ஒரு மண்சுவர் எழுப்ப வைத்தாள். கிழவியானதும் எதற்குப் பொறாமைப்பட்டாள் தெரியுமா? நெய்ப்பந்தத்துக்கு.

நிறைந்த வயதில் ஒருவர் போய்ச் சேர்ந்தால், பேரன் பேத்திகள் குச்சியில் துணி சுற்றி, நெய்யில் நனைத்துக் கொளுத்தி, பிணத்தைச் சுற்றி வருவது அந்த ஊர் வழக்கம். பந்தம் எத்தனை கூடுகிறதோ அத்தனை பெருமை என்பது பாவாயியின் கணக்கு. பாவாயிக்குப் பேரன் பேத்தி நாலு. வேலாத்தாளுக்கு ஐந்து. பாவாயிக்குச் சோறு இறங்கவில்லை.

ஒருநாள் உச்சிப்பொழுதில் அவள் களத்தில் கம்பு காயவைத்துக்கொண்டிருந்தபோது, பெரிய எருமைக்கடா ஒன்றின் மேல் கறுத்த ஆள் ஒருவர் வந்து இறங்கினார். பாவாயி கடாவின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தாள்.

"வயசான கடாவுங்க இது. யாரும் வாங்க மாட்டாங்க," என்றாள்.

"நான் விற்க வரவில்லை. நான் எமன். உன் நாள் முடிந்தது, புறப்படு."

வேறு யாராவது என்றால் அலறியிருப்பார்கள். பாவாயி மறுபடி கம்பைக் கிளறப் போய்விட்டாள்.

"எப்படிங்க சாமி வர்றது? எனக்கு நாலு பந்தம், அவளுக்கு அஞ்சு. நாலோட நான் போனா அவ சிரிப்பா. அவளைவிட எனக்கு ஒண்ணு கூடட்டும், அப்பறம் கூப்பிடுங்க."

எமனுக்கு எத்தனையோ சாக்குகள் தெரியும். இது புதுசு. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"சரி, அவளைவிட உனக்கு ஒரு பந்தம் கூடுகிற அன்றைக்கு வருகிறேன். அதற்கு முன்னால் வரமாட்டேன்," என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

பாவாயி மகன்களுக்கு நாலா பக்கமும் பெண் தேடினாள். மருமகள்களுக்குப் பிரசவ லேகியம் கிண்டியே கை காய்த்துப்போனது. பக்கத்து வீட்டில் தொட்டில் கட்டினால் இவளுக்குக் காய்ச்சல் வரும். சுவருக்கு அந்தப் பக்கம் போகக் கூடாது என்று தன் பேரப்பிள்ளைகளுக்குக் கண்டிப்பு வேறு. பிள்ளைகள் தலையாட்டிவிட்டுச் சுவரேறிக் குதித்தார்கள். அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் இவளைப் பார்த்தால் "பெரியப்பத்தா" என்று கூப்பிடும். அவள் திரும்பிப் பார்க்கவே மாட்டாள். வேலாத்தாளோ, தன் எருமை ஈனும்போதெல்லாம் சீம்பால் காய்ச்சிச் சுவர்மேல் வைத்து, "அக்கா, எடுத்துக்கோங்க," என்று குரல் கொடுப்பாள். பாவாயி அதை எடுத்து நாய்க்கு ஊற்றுவாள். அவள் எதைக் கொடுத்தாலும் பெருமைக்குத்தான் கொடுக்கிறாள் என்பது இவள் முடிவு.

பல வருஷம் கழித்துக் கிணற்றடியில் எமன் வந்து எட்டிப் பார்த்தார். எட்டுக்கு எட்டு. சமமாக நின்றது. பாவாயி வாளியை இறக்கிக்கொண்டே கையால் "போங்க" என்று காட்டினாள். அவரும் போய்விட்டார்.

இன்னும் பல வருஷம் போயிற்று. ஒன்பதுக்கு ஒன்பது என்றானபோது, ஒரு காலையில் வேலாத்தாள் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தாள். மேளம் வந்தது, பாடை கட்டினார்கள். பாவாயி கோலை ஊன்றிக்கொண்டு சுவரைச் சுற்றி நடந்தாள். அழப் போகவில்லை, எண்ணப் போனாள்.

ஒன்பது வரை எண்ணினாள். பந்தம் வந்துகொண்டே இருந்தது. பத்து, பதினொன்று. ஊர்ப் பிள்ளைகளைக் கூட்டிவந்து ஏமாற்றுகிறார்கள் என்று நினைத்தாள். பதினெட்டில் நின்றது. கடைசிப் பந்தத்தைப் பிடித்திருந்தவள் பாவாயியின் சொந்தப் பேத்தி, கலியாணத்துக்கு நிற்கிற பொண்ணு, நாச்சக்கா. அவளுக்கு முன்னால் வரிசையாகப் பாவாயியின் மற்ற எட்டுப் பேர்.

பாவாயிக்குத் தலைக்கு மேல் கோபம் ஏறியது. பேத்தியின் பந்தத்தைப் பிடுங்கி மண்ணில் குத்தி அணைத்தாள்.

"எம்பட பேத்தி நீ. இவளுக்கு எதுக்குடி பந்தம் புடிக்கறே?"

"சின்னப்பத்தாளுக்கு நாங்க புடிக்காம யாரு புடிப்பாங்க, அப்பத்தா?" என்றாள் நாச்சக்கா. அவள் முகமெல்லாம் கண்ணீர். "நாளைக்கு உங்களுக்கும் நாங்க பதினெட்டுப் பேருந்தானே புடிக்கோணும். தம்பி பேரன்னா அண்ணன் பேரன் இல்லையா?"

மேளம் ஓயவில்லை. வேலிப்பக்கம் எருமைக்கடா வந்து நின்றது. அது பாவாயி கண்ணுக்கு மட்டும்தான் தெரிந்தது. எமன் இறங்கி வந்தார்.

"உனக்குப் பிடிக்கப் பதினெட்டுப் பேர். அவளுக்கு இப்போது எரிவது பதினேழு. ஒன்று கூடிவிட்டது, பாவாயி. நீ ஜெயித்துவிட்டாய். புறப்படு."

பாவாயி திரும்பினாள். இந்த ஜெயத்தை ஒருத்தியிடம் காட்ட வேண்டும் என்றுதானே இத்தனை வருஷம் சாகாமல் கிடந்தாள். அந்த ஒருத்தி நெற்றியில் காசு வைத்துக் கண்மூடிப் படுத்திருந்தாள். சுவரே இல்லாவிட்டாலும் இனி அவள் "அக்கா" என்று கூப்பிடப் போவதில்லை. பாவாயிக்கு வெட்கமாக இருந்தது. அறுபது வருஷம் பக்கத்தில் இருந்தவளோடு அறுபது வார்த்தை நல்லபடியாகப் பேசவில்லையே என்று நெஞ்சு வலித்தது. இவளைவிட அவளுக்கு ஒன்றுகூட அதிகமாக இருந்ததில்லை. எண்ணத் தொடங்கிய நாளிலிருந்தே இரண்டு பேருக்கும் ஒரே எண்ணிக்கைதான்.

அவள் குனிந்து, மண்ணிலிருந்து பந்தத்தை எடுத்து, புழுதியைத் தன் சேலையிலேயே துடைத்தாள். நெய்ச்சட்டியில் தோய்த்து, பக்கத்துப் பையனின் பந்தத்தில் காட்டினாள். முதலில் புகைந்தது, பிறகு பிடித்துக்கொண்டது. பேத்தியின் கையில் கொடுத்து, "சுத்தி வா, கண்ணு," என்றாள்.

எமன் நெற்றியைச் சுருக்கினார். "மறுபடி சமமாகிவிட்டதே. இவர்கள் எல்லோரும் உங்கள் இருவருக்கும் பொது. இனி அவளைவிட உனக்கு ஒரு பந்தம் ஒருபோதும் அதிகமாகாது. என் வாக்குப்படி நான் வரவே முடியாது. முதுகு வளைந்து, கண் மங்கி, பேரன்மார் எல்லோரும் போன பிறகும் நீ மட்டும் கிடப்பாய். சம்மதமா?"

"அந்தக் கணக்கை விட்டுருங்க, சாமி," என்றாள் பாவாயி. "நான் இனி எண்ணறதில்லை. உங்களுக்கு எப்பத் தோணுதோ அப்பக் கூப்பிடுங்க. இப்பன்னாலும் சரி. ஆனா ஒரே ஒரு நாழிகை குடுங்க. இவளுக்கு நான் இன்னும் அழுகலை."

எமன் கடாவின் மேல் ஏறிக்கொண்டார். பாவாயி வேலாத்தாளின் காலடியில் உட்கார்ந்து, "தங்கச்சி" என்று அழுதாள். அந்த வார்த்தையை அவள் சொல்லி அந்த ஊர் அதுவரை கேட்டதில்லை. நாழிகை போயிற்று, பொழுதும் சாய்ந்தது. வேலிப்பக்கம் யாரும் இல்லை.

எமன் நாலு வருஷம் கழித்து, ஓர் அறுவடை முடிந்த பிறகுதான் வந்தார். பாவாயி எதுவும் கேட்காமல் எழுந்து போனாள். இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் பந்தம் பிடித்தார்கள். எத்தனை பந்தம் என்று கேட்கிறீர்களா? தெரியாது. அந்த ஊரில் பந்தத்தை எண்ணுகிற வழக்கம் அவள் ஒருத்திக்குத்தான் இருந்தது.

ஆகவே, பெரியோர்களே, பிள்ளைகளே: அடுத்தவருக்கு வாய்த்ததை எண்ணி எண்ணிப் பொறாமைப்படுகிறவர், அதில் தமக்கும் பங்கு உண்டு என்பதை உணராமலே வாழ்நாளைத் தொலைத்துவிடுவார்.