சர்க்கரைவள்ளி மண்ணுக்குள் போன கதை

அந்தக் காலத்தில் ஆடு மாடு மட்டுமல்ல, செடி கொடிகூடப் பேசும். நம்மைப் போல நாள் முழுக்கத் தொணதொணக்காது. வாயைத் திறந்தால் அதில் விஷயம் இருக்கும். சர்க்கரைவள்ளி அப்போது மண்ணுக்குள் கிழங்கு வைக்கவில்லை. பீர்க்கங்காய் மாதிரி வேலியில் படர்ந்து, எல்லார் கண்ணிலும் படும்படி வெளியே காய்த்துத் தொங்கியது. காய்க்குள் விதை இருக்கும். அதை எடுத்து வைத்தால்தான் அடுத்த வருசம் கொடி.

கொளஞ்சி என்று ஒருத்தி. அவள் தோட்டத்தில் மூன்று வகை வள்ளி இருந்தது. சிவப்பு வள்ளி அவள் வாழ்க்கைப்பட்டு வந்தபோது பிறந்த வீட்டிலிருந்து மடியில் கட்டிக்கொண்டு வந்தது. வெள்ளை வள்ளி மாவு மாதிரி வேகும். மூன்றாவது கத்தரிப்பூ நிற வள்ளி. மழை பொய்த்தாலும் அது மட்டும் காய்க்கும். குதிரில் கேழ்வரகு தீர்ந்துபோகிற ஆடி ஆவணியில், கொளஞ்சியின் இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் அதுதான் சோறு. அது இல்லாவிட்டால் பட்டினி.

ஒரு வருசம் வீட்டில் பாகம் பிரித்தார்கள். கொளஞ்சியின் புருசன் அய்யாக்கண்ணு வாயில்லாப் பூச்சி. அண்ணன் காட்டிய இடத்தில் எல்லாம் தலையை ஆட்டினான். கிணறும் வெயில்படுகிற கிழக்குப் பக்கமும் அண்ணனுக்குப் போனது. புளியமரத்து நிழல் விழுகிற மேற்குப் பக்கம் தம்பிக்கு வந்தது. நடுவில் முள்வேலி போட்டார்கள். மூன்று கொடிக்கும் வேர் இருந்தது கொளஞ்சி பக்கம்.

கொடிக்கு வேலி தெரியுமா, பாகம் தெரியுமா? வெயிலைத் தேடிக் கிழக்கே தாவியது. பூத்தது அந்தப் பக்கம், காய்த்ததும் அந்தப் பக்கம். கொளஞ்சி ஏரியிலிருந்து இடுப்பொடியக் குடம் குடமாய்த் தூக்கி ஊற்றினாள். அண்ணன் பெண்டாட்டி செவந்தி கூடையை எடுத்துக்கொண்டு வந்து காலாட்டிக்கொண்டே பறித்தாள்.

"அக்கா, அது என் கொடி."

"கொடி உன்னுதுதான். யாரு இல்லேன்னா? காய் என் பக்கம் தொங்குது பாரு."

"பிள்ளைங்களுக்கு நாலு காயாவது குடு. விதைக்கு ரெண்டு குடு."

"விதையைக் குடுத்துட்டு அடுத்த வருசம் நான் உன் வாசல்ல வந்து நிக்கணுமா? போடி, போய் வேலையைப் பாரு."

சொன்னபடியே செய்தாள். காயைத் தின்றாள், விதையைக் கலயத்தில் போட்டுக் கலயத்தின் வாயைச் சாணி வைத்து மெழுகினாள். கொளஞ்சிக்கு அடிவயிறு எரிந்தது. சொல்கிற எனக்கே எரிகிறது, அவளுக்கு எரியாதா?

நியாயம் கேட்கப் போனாள். அந்த ஊர்க்காரர்களின் புத்தியைக் கேளுங்கள். தாடி இருந்தால் நியாயம் தெரியும் என்று நம்பி, ஒரு கிழட்டு ஆட்டுக்கடாவை நாட்டாமையாக வைத்திருந்தார்கள். கொடி வழக்குக்கு ஆட்டைக் கூப்பிடுகிற ஊர் வேறு எங்கே இருக்கும்! கடா வந்து வேலியோரம் படுத்தது. செவந்தி ஒரு கூடைத் தழையைக் கொண்டுவந்து அதன் முன்னால் வைத்தாள். கடா நிதானமாக மென்று, தாடியை ஆட்டித் தீர்ப்புச் சொன்னது.

"வேர் மேற்கே இருக்கு. அதனால வேர் இளையவளுக்கு. காய் கிழக்கே இருக்கு. காய் மூத்தவளுக்கு."

"வேரை வச்சு நான் என்ன பண்றது? வேகவச்சுத் தின்கிறதா?" என்று கத்தினாள் கொளஞ்சி.

"தண்ணி ஊத்து."

"அப்ப விதை?"

"விதை காய்க்குள்ள இருக்கு. காய் அவளுது."

கூடியிருந்த ஊர், கடா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று எழுந்து போனது. அய்யாக்கண்ணு, "விடு புள்ள, அண்ணிதானே" என்றான்.

"யோவ், நீ வாயை மூடு! தொறக்க வேண்டிய அன்னிக்குத் தொறக்கல. இப்ப என்னத்துக்குத் தொறக்கிற?"

வீட்டுக்குள் போய் அரிவாளை எடுத்துவந்தாள். காலையில் பெய்த தூறலில் மண் ஈரமாக இருந்தது. எனக்கு இல்லாத கொடி எவளுக்கும் வேண்டாம் என்று ஒரே வெட்டு. அப்புறம் கை நிற்கவில்லை. சிவப்பா வெள்ளையா என்று பார்க்கவில்லை. மூன்றையும் சேர்த்துப் பிடித்துச் சாண் சாணாக வெட்டி, வேலிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் வீசினாள். "இந்தா, இதையும் தின்னு! கொடியையும் சேர்த்துத் தின்னு!" பிள்ளைகள் இரண்டும் வாசலில் நின்று அழுதன. வெட்டின இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பால் வடிந்தது.

அப்போதுதான் கொடி பேசியது. ஒவ்வொரு துண்டும் சேர்ந்து பேசியது.

"நிறுத்துங்கடி! வேரை ஒருத்திக்கும் காயை ஒருத்திக்கும் கூறு போட நான் என்ன செத்த மாடா? தண்ணி ஊத்தினவளுக்கு வேரு, கை நீட்டினவளுக்குக் காயா? இதுக்குப் பேர் தீர்ப்பா? இனிமே என் வேர்தான் என் காய். எவன் பிரிக்கிறான்னு பார்க்கிறேன். கலயத்துல பூட்டி வைக்க இனி விதையும் கிடையாது. என் உடம்பில ஒரு சாண் துண்டு போதும், ஈர மண்ணுல வச்சா வந்துடுவேன். இன்னொண்ணும் கேட்டுக்குங்க. துண்டு கேட்டு வந்தவங்களுக்கு இல்லேன்னு சொல்ற தோட்டத்தில நான் ஒரு கிழங்கும் வைக்க மாட்டேன்."

கிழக்குப் பக்கம் விழுந்த துண்டுகளைக் கடா அங்கேயே மேய்ந்து தீர்த்தது. மேற்குப் பக்கம் விழுந்தவை கணுவுக்குக் கணு வேர்விட்டுத் தரையோடு படர்ந்தன. பூத்தன, காய்க்கவில்லை. ஆடி பிறந்தது. குதிர் காலி. பிள்ளைகள் பசியில் சுருண்டன. கொளஞ்சி கொடியைத் திட்டிக்கொண்டே களைக்கொட்டால் அடியில் ஒரு கொத்துக் கொத்தினாள். உள்ளே சிவப்பு. பக்கத்தில் வெள்ளை. அதற்கடுத்து, மண்ணோடு மண்ணாக, கத்தரிப்பூ நிறம். அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள். அன்றைக்குப் பிள்ளைகள் வயிறு நிறையத் தின்றன.

செவந்தி கலயத்தை உடைத்து விதையைப் போட்டாள். ஒன்றுகூட முளைக்கவில்லை. இரண்டு முறை போட்டாள், கிணற்றுத் தண்ணீரை இறைத்து இறைத்து ஊற்றினாள். பிறகு ஒருநாள் வேலியோரம் வந்து நின்றாள்.

"கொளஞ்சி... ஒரு துண்டு குடேன்."

கொளஞ்சி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். நாக்கு நுனி வரைக்கும் வசவு வந்தது. கையில் அரிவாள் இருந்தது. "நாலு காய் கேட்டேனேக்கா, பிள்ளைங்களுக்கு" என்றாள். கொளஞ்சி குனிந்து மூன்று கொடியிலும் ஒவ்வொரு சாண் அறுத்தாள். பால் சொட்டச் சொட்ட வேலிக்கு மேலாகச் செவந்தியின் காலடியில் விட்டெறிந்துவிட்டு உள்ளே போனாள். அதற்கப்புறம் சாகிறவரை அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த நாள் தொட்டுத்தான் சர்க்கரைவள்ளிக்கு வேரே காய். வெட்டினால் பால் வடிவதும், விதைக்காமல் கொடியைத் துண்டு போட்டு நடுவதும் அன்றிலிருந்துதான். பகையாளியே வேலியோரம் வந்து கேட்டாலும், மனசுக்குள் திட்டிக்கொண்டாவது ஒரு சாண் கொடியை அறுத்துக் கொடுத்துவிடுகிறார்களே, அதுவும் அன்று தொடங்கியதுதான்.