பெட்டி நகர்ந்தது, கோடு நின்றது

காட்டுக் குளத்து மோட்டாருக்கு முழியன் என்ற தேவாங்குதான் ராக்காவல். பத்து வருஷமாக அதே வேலை. பகலில் தூங்குகிற பிறவி. ஆனால் அந்தப் பங்குனியில் மூன்று பகலாக அவனுக்குத் தூக்கமில்லை. கூட்டம் என்று சொல்லி மரத்தை உலுக்கி உலுக்கி எழுப்பினார்கள்.

குளத்துக்குத் தண்ணீர் பக்கத்துக் கிணற்றிலிருந்து வரவேண்டும். குளத்தில் ஒரு சென்சார் இருந்தது. அங்கே தண்ணீர் குறைந்தால் அது மோட்டாரை ஓடச் சொல்லும். கிணற்றிலும் ஒன்று இருந்தது. அங்கே தண்ணீர் குறைந்தால் அது மோட்டாரை நிற்கச் சொல்லும். வறண்ட கிணற்றில் ஓடினால் மோட்டார் கருகிப்போகும். எந்த வயர் எங்கே போகிறது என்பது முழியனுக்கு மட்டுமே தெரியும். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஷாக் அடிக்க அடிக்கத் தானே கற்றுக்கொண்டான்.

அடுத்த மலையில் அவன் தங்கச்சி இரட்டைக் குட்டி போட்டிருந்தாள். சித்திரையில் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே குத்த வேண்டும்? தேவாங்கு நடைக்குப் போக எட்டு நாள், வர எட்டு நாள். பத்து வருஷத்தில் முழியன் கேட்ட முதல் லீவு அது.

அதுவரை காவலை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றது கீரி. ஆனால் ஒரு நிபந்தனை போட்டது. எது எதோடு சேருகிறது என்று பெட்டி போட்டு, அம்பு போட்டு, படமாக வரைந்து கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.

காலியான காவல் குடிலில் யாரோ விட்டுப்போன கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. அதில் படம் வரைகிற சாஃப்ட்வேர் இரண்டு. ஒன்றின் பெயர் வானவில். இன்னொன்றின் பெயர் கட்டம். எதில் வரைவது? அதற்குத்தான் மூன்று நாள் கூட்டம்.

குளத்துக்குத் தலைவர் மீன்கொத்தி. அதற்கு வானவில்தான் பிடித்திருந்தது. பெட்டிக்குப் பெட்டி ஒரு நிறம், ஓரமெல்லாம் வழவழப்பு, பின்னால் மெல்லிசாக ஒரு நிழல் வேறு. கட்டத்தில் எல்லாமே சாம்பல் நிறம். அதில் வரைந்ததைப் பார்த்தால் சாப்பாடு இறங்காது என்றது மீன்கொத்தி. முதல் நாள் முழுக்க நிறத்தைப் பற்றிப் பேசினார்கள். இரண்டாம் நாள் எழுத்தின் அழகைப் பற்றிப் பேசினார்கள். முழியன் ஒரு கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு மற்றொரு கண்ணில் தூங்கப் பார்த்தான். முடியவில்லை.

மூன்றாம் நாள் நண்டு மட்டும் ஒரு கேள்வி கேட்டது.

"வரைஞ்ச பிறகு ஒரு பெட்டியை நகர்த்தினா, அதோட கோடும் கூட வருமா?"

மீன்கொத்தி சிரித்தது. "நண்டக்கா, உங்களுக்கு நகர்றதைத் தவிர வேற நினைப்பே கிடையாதா?"

எல்லோரும் சிரித்தார்கள். அது நல்ல கேள்வி என்று முழியனுக்குப் பட்டது. ஒரு பெட்டியைப் பிடித்து இழுத்துப் பார்த்தால் போதும், பதில் தெரிந்துவிடும். ஆனால் இழுத்துப் பார்த்தால் அதன் மேல் ஒரு பேச்சு கிளம்பும். பேச்சு கிளம்பினால் நாலாம் நாளும் கூட்டம். அவன் கண் எரிந்தது.

"வானவில்லே இருக்கட்டும் தம்பி" என்று தலையை ஆட்டிவிட்டான்.

அன்றைக்கே வரைந்து முடித்தான். குளத்துச் சென்சாரிலிருந்து 'ஓடு' என்ற இடத்துக்கு ஒரு அம்பு. கிணற்றுச் சென்சாரிலிருந்து 'நில்' என்ற இடத்துக்கு ஒரு அம்பு. இரண்டு தடவை சரிபார்த்தான். கீரியிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினான்.

அவன் போன பிறகு மீன்கொத்தி அந்தப் படத்தைப் பார்த்தது. தான் குளத்துக்குத்தானே தலைவர்? அப்படியிருக்கக் குளத்துப் பெட்டி கீழேயும் கிணற்றுப் பெட்டி மேலேயும் இருப்பது அதற்கு உறுத்தியது. மேலே இருந்ததைக் கீழே இழுத்தது. கீழே இருந்ததை மேலே ஏற்றியது. பெட்டிகள் இடம் மாறின. கோடுகள் பழைய இடத்திலேயே நின்றன. அழகாகத்தான் இருந்தது.

முழியன் கிளம்பிய நாலாம் நாள் ஒரு எலி இரண்டு வயரையும் கடித்துத் துண்டாக்கியது. கீரி பதறவில்லை. கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அம்பு அம்பாகப் பார்த்து மாட்டியது.

மறுநாள் கிணறு வறண்டது. நில் என்று சொல்ல வேண்டிய சென்சார் ஓடு என்றது. மோட்டார் ஓடியது. கொஞ்ச நேரத்தில் புகை வந்தது.

காக்கை பறந்து போய்ச் சேதி சொன்னபோது முழியன் பாதி வழியில் இருந்தான். முன்னால் தெரிந்த மலையைப் பார்த்தான். பின்னால் திரும்பிப் பார்த்தான். பிறகு திரும்பி நடந்தான்.

"படத்துல இருந்தபடிதான் மாட்டினேன் அண்ணே" என்றது கீரி. முழியன் படத்தைப் பார்த்தான். கீரி சொன்னது சரி.

"நான் பெட்டியை மட்டும்தான் மாத்தினேன். கோடு பக்கமே போகலை" என்றது மீன்கொத்தி. அதுவும் சரி.

முழியன் கட்டத்தைத் திறந்து இரண்டு பெட்டி போட்டு, நடுவே ஒரு கோடு இழுத்தான். ஒரு பெட்டியைப் பிடித்து நகர்த்தினான். சாம்பல் நிறக் கோடு வளைந்து நெளிந்து கூடவே வந்தது. எங்கே இழுத்தாலும் வந்தது. ரொம்ப நேரம் அதையே இழுத்துக்கொண்டிருந்தான்.

"யார் மேலயும் தப்பில்லை. நண்டக்கா அன்னைக்கே கேட்டாங்க. தூக்கம் வருதுன்னு நான்தான் தலையை ஆட்டிட்டேன்" என்றான்.

அந்தக் கோடை முழுக்கக் குளத்து மீன்களைக் காப்பாற்ற எல்லோரும் ஊற்றிலிருந்து தேங்காய்ச் சிரட்டையில் தண்ணீர் சுமந்தார்கள். முழியனும் சுமந்தான். அவன் ஒரு சிரட்டை கொண்டுவருவதற்குள் கீரி இருபது கொண்டுவந்தது.

மழை பிடித்த பிறகு, ஐப்பசியில், அவன் தங்கச்சி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தான். குட்டிகள் வளர்ந்து தனித்தனி மரம் பார்த்துப் போயிருந்தன. தங்கச்சி கோபப்படவில்லை. வேங்கை மரத்தில் ஒரு கிளையைக் காட்டினாள்.

"நாள் தள்ளிக்கிட்டே போச்சுண்ணே. அப்புறம் இந்தக் கிளையையே உன் மடின்னு வச்சு, இதுல உட்கார வச்சுக் காது குத்திட்டோம்."

முழியன் மெதுவாக ஏறி அந்தக் கிளையில் உட்கார்ந்தான். அன்று பகல் முழுக்க அவன் தூங்கவில்லை.

ஒரு கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது எவ்வளவு களைப்பாக இருந்தாலும் ஒரு தடவை அசைத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டுங்கள். அசையாதவரை எல்லாக் கோடும் ஒட்டிக்கொண்டிருப்பதுபோலத்தான் தெரியும்.